வங்கக்கடல் என்றால் வங்காளக் கடலா?
“ஆண்டாளே ‘வங்கக்கடல் கடைந்த’ என்று பாடிவிட்டார், நம்ம ராமேஸ்வரம் கடலுக்கு அப்போதே வங்காளத்தின் பெயர்தான்” என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இல்லைண்ணே. திருப்பாவை 30ஆம் பாட்டில் வங்கம் என்பது கப்பல். கப்பல் ஓடும் கடல் என்றுதான் உரைகாரர்கள் கொள்கிறார்கள். கடைந்ததோ பாற்கடல், அதை வங்காளத்தில் கொண்டுபோய் வைப்பானேன்?

அகநானூறு 255இல் ‘உருகெழு வங்கம்’ கடல்நீரைப் பிளந்து போகிறது. இரவு பகலாகக் காற்று தள்ள, மாடத்து விளக்கைப் பார்த்து நீகான், அதாவது கப்பலோட்டி, துறை பிடிக்கிறான். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், தொண்டியோர் ‘வங்க ஈட்டத்து’, அதாவது கப்பல் கூட்டத்தில், அனுப்பிய அகிலும் கருப்பூரமும் கொண்டலோடு மதுரைக்குள் வந்து மணக்கின்றன. கீழ்க்காற்றுக்கு நம்ம கரையில் இன்றும் கொண்டல்தானே பெயர்!

வங்கம் நாட்டுப் பெயராகவும் வரும், மறுக்கவில்லை. சித்த மருத்துவத்தில் அதே சொல் ஈயம்.