விடை சரி, ஆனாலும் பெருக்கல் குறி

மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகளின் கணக்குத் தாள் நேற்று வீட்டுக்கு வந்தது. 402-இல் 198-ஐக் கழிக்க வேண்டும். 204 என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை. அதன்மேல் சிவப்பு மையில், தாள் கிழிகிற அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 'ஸ்டெப்ஸ் எங்கே?' இரண்டு மார்க் போச்சு.

ஸ்டெப் அங்கேயேதான் இருக்கிறது மிஸ்! ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருக்கிறாளே: '198-க்கு 2 போட்டா 200. இன்னும் 202 போட்டா 402. மொத்தம் 204.' யாரும் சொல்லித்தராமல் எட்டு வயதுப் பிள்ளை தானே பிடித்த வழி. அதைப் படிக்க அரை நிமிடம் ஆகுமா?

வகுப்பில் சொல்லிக்கொடுத்தது கடன் வாங்கிக் கழிப்பது. இரண்டில் எட்டு போகாது, பக்கத்து வீட்டுக்குப் போ. அங்கே பூஜ்யம், அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போ. நாலு மூன்றாகும், பூஜ்யம் ஒன்பதாகும், இரண்டு பன்னிரண்டாகும். சரி, அதையும் கற்றுக்கொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 198 என்றதும் '200-க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது' என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எண் புரிந்திருக்கிறது. அதற்கா தப்பு போடுவது?

எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் 137 ரூபாய்க்கு வாங்கி 200 ரூபாயை நீட்டினால், அந்த அக்கா 'மூணு, நூத்தி நாப்பது. அறுபது, இருநூறு' என்று சில்லறையைக் கையில் வைத்துவிடுவார். எந்த வீட்டிலும் கடன் வாங்குவதில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிற என் மகள் அங்கிருந்துதான் இதைப் பிடித்திருப்பாள். அந்தப் பாட்டியே விரல் கணுக்களில்தான் எண்ணுவார். விரலுக்கு மூன்று, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. கட்டைவிரல் ஓடுகிற ஓட்டத்தில் எண்ணிக்கை பிசகாது. வகுப்பிலோ விரல் விட்டால் அதட்டல்.

இது நான் கிளப்புகிற புதுக் கதையும் இல்லை. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஒரு குழு அறிக்கை தந்தது. தலைவர், அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். ஒரே வழியில் போட்டு ஒரே விடைக்கு வந்து சேர் என்கிற கொடுமையிலிருந்து பள்ளிக் கணக்கை மீட்க வேண்டும், பல வழிகளுக்கு இடம் தர வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. என் பிள்ளை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுதிவைத்தது!

போனில் கேட்டேன். "நாங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் போடணும் சார். வீட்ல நீங்க குழப்பாதீங்க" என்றார்கள். நான் எதையும் சொல்லித்தரவில்லை என்று சொன்னதை நம்பவும் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், திருத்த ஒரே ராத்திரி, எனக்கும் தெரியும். அதற்காகச் சரியான விடையையா அடிப்பது?

மார்க் போனால் போகட்டும். நேற்று ராத்திரி வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்தவள் பென்சிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, இதை எப்படிப் போட்டா மிஸ் திட்டமாட்டாங்க?" என்று கேட்டாள். போன வாரம்வரை "அப்பா, நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன், பாரு" என்று ஓடிவந்த பிள்ளை. வயிறு எரிகிறது.

தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெருக்கல் குறி இருக்கிறவரை நான் போடமாட்டேன். திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டேன். தாளோடு நேரில் போகிறேன்.