முதலில் வீட்டைச் சூடாக்குங்கள், அப்புறம் டர்ஃபை நிறுத்துங்கள்

இரண்டு நாள் முன்பு டப்ளினில் இருக்கும் நண்பர் ஒருவர், அயர்லாந்து கிராமத்துக்காரர்கள் இன்னமும் டர்ஃப் வெட்டி விற்பதைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தார். "இந்தக் காலத்திலும் சேற்றை எரிக்கிறார்கள்" என்று ஒரு வரி. நான் பதினோரு வருடமாக ஆஃபலி கவுண்டியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு மைல் நடந்தால் சதுப்பு. அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் தேங்கிய நிலத்தில் பாசியும் செடியும் முழுசாக மட்காமல் ஆயிரக்கணக்கான வருடம் அமுங்கிக் கிடந்தால் கறுப்பாக ஒரு மண் உருவாகும். பள்ளிக்கூடத்தில் பீட் என்று படித்தோமே, அதுதான். அதை வெட்டிக் காயவைத்தால் விறகு போல எரிக்கும் டர்ஃப். வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு ஆள் உயரத்துக்கு வெட்டினால் ஆயிரம் வருடத்துக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். இது எனக்கும் தெரியும், வெட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

நான் வந்த முதல் கோடையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைச் சதுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய அப்பா காலத்தில் ஸ்லான் என்ற நீண்ட மண்வெட்டியால் ஒவ்வொரு கட்டியாக வெட்டுவார்களாம். இப்போது ஏப்ரல், மே மாதத்தில் ஒப்பந்தக்காரர் இயந்திரத்தோடு வருகிறார். முறுக்கு அச்சில் பிழிகிற மாதிரி ஈர மண்ணை நீள நீளமாகத் தரையில் பிழிந்துவிட்டுப் போய்விடுவார். இயந்திரத்தின் வேலை அவ்வளவுதான். மேல்தோல் கொஞ்சம் காய்ந்ததும் கையால் எடுத்துத் திருப்ப வேண்டும். பிறகு ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்துச் சின்னக் கூடாரம் போல் நிறுத்த வேண்டும். காற்று உள்ளே புகுந்து வந்தால்தான் காயும். வெயிலை விடக் காற்றுதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாள் முழுக்கக் குனிந்தே வேலை. மாலையில் மிட்ஜ் என்கிற பொடிப் பூச்சி கண், காது என்று பார்க்காமல் கடிக்கும். பாட்டிலில் தேநீர் ஊற்றி, சூடு ஆறாமல் இருக்கக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார் அந்த வீட்டு அம்மா. அவ்வளவு ருசியான தேநீரை இந்த நாட்டில் நான் வேறெங்கும் குடித்ததில்லை. ஜூலையில் விடாமல் மழை பெய்தால் இத்தனை பாடும் வீண். நனைந்த டர்ஃபை யாரும் வாங்க மாட்டார்கள்.

காய்ந்த டர்ஃபில் பாதி அந்த வீட்டுக் குளிர்காலத்துக்கு. மீதியை ட்ரெய்லர் கணக்கில் அக்கம்பக்கத்தில் விற்பார்கள். செப்டம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடையும் புத்தகமும் அந்தக் காசில்தான் வாங்கினோம் என்று சொன்னார். அதற்கு முன்னால், அவரே சிறுவனாக இருந்தபோது, கோடை விடுமுறையில் போர்ட் நா மோனா என்ற பீட் நிறுவனத்தின் சதுப்பில் கட்டிகளை நிறுத்திக் கூலி வாங்கியிருக்கிறார்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நண்பர் விட்டுவிட்டார். போர்ட் நா மோனா 1946இல் அரசே தொடங்கிய நிறுவனம். நிலக்கரி அதிகம் இல்லாத நாடு தன் மண்ணையே எரித்து மின்சாரம் எடுக்கத் தீர்மானித்தது. சதுப்பு முழுக்க வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பு அதுதான். எங்கள் கவுண்டியில் ஷானன்பிரிட்ஜ் மின்நிலையம் 2020 டிசம்பரில்தான் மூடியது. அடுத்த மாதமே, இனி பீட் எடுக்க மாட்டோம் என்று நிறுவனம் முறைப்படி அறிவித்தது. எழுபது வருடத்துக்கு மேல் நாடே செய்த வேலையை, இன்று ஒரு குடும்பம் செய்தால் காட்டுமிராண்டித்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

2022 அக்டோபர் 31 முதல் புதிய விதி வந்தது. இணையத்திலோ, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோ, கடையிலோ டர்ஃப் விற்கக் கூடாது. வெட்டும் உரிமை உள்ளவர் தனக்கு வெட்டிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். எனக்கு அந்த விதியில் வருத்தம் இல்லை. நான் நர்ஸ். மூச்சு வாங்க முடியாமல் தவிக்கும் முதியவர்களை ஒவ்வொரு ஜனவரியிலும் பார்க்கிறேன். கணப்பில் எரியும் டர்ஃபின் வாசனை எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். அதே அளவு சூடு கிடைக்க நிலக்கரியை விடவும் அதிகக் கார்பனை வெளிவிடுகிறது. டர்ஃப் எரிப்பது நிற்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் எந்த வரிசையில் நிறுத்துகிறோம் என்பது பெரிய விஷயம். எங்கள் பெரியவர் வீடு பழைய வீடு. சூடு வெளியே போகாமல் தடுக்கும் காப்பு சுவரில் கிடையாது, ஜன்னல் இடுக்கில் காற்று வரும். வீட்டைச் சீர்செய்ய உதவி கேட்டு விண்ணப்பம் போட்டு இது இரண்டாவது குளிர்காலம், இன்னும் ஆள் வந்து பார்க்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை அவருடைய பென்ஷனுக்குக் கட்டாது. இதற்கு நடுவில், தோட்டக்கலைக்கென்று பெரிய பெரிய இயந்திரங்கள் பீட்டை வாரிக்கொண்டிருக்கின்றன. 2023இல் மட்டும் இந்த நாட்டிலிருந்து சுமார் 3 லட்சம் டன் பீட் ஏற்றுமதியானது. உரிய அனுமதி இல்லாமல் பெரிய அளவில் எடுக்கும் 38 இடங்களைக் கண்டுபிடித்ததாகச் சுற்றுச்சூழல் முகமையே 2025இல் அறிக்கை வெளியிட்டது. இரண்டு ட்ரெய்லர் விற்கிறவரைத் திட்டும் கோபத்தில் கால்வாசியாவது அந்தப் பக்கம் போகட்டும்.

கோடை வருமானம் போய்விடுமே என்றால், அதற்கும் வழி இங்கேயே இருக்கிறது. போர்ட் நா மோனாவின் சுமார் 33,000 ஹெக்டேர் சதுப்பில் வாய்க்கால்களை அடைத்து மறுபடி நீர் தேக்கிச் சதுப்பை மீட்கும் திட்டம் நடக்கிறது. முன்பு பீட் எடுத்த தொழிலாளர்களே அதில் வேலை செய்கிறார்கள். இதைக் குடும்பங்கள் வெட்டும் சதுப்புப் பங்குகளுக்கும் கொண்டுவந்து, வெட்டுகிற குடும்பங்களுக்கே கோடைக் கூலியாகக் கொடுக்கலாம். பாதுகாக்கப்பட்ட சதுப்புகளில் வெட்டுவதை விட்டவர்களுக்கு வருடத்துக்கு 1,500 யூரோ கொடுத்தது அரசு. எங்கள் பெரியவரின் சதுப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

வாய்க்காலை அடைக்கக் கூலி கொடுத்தால் போவீர்களா என்று அவரிடமே கேட்டேன். "எங்கள் பங்கில் வாய்க்கால் வெட்டியது என் அப்பாவும் நானும்தான். எங்கே அடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?" என்றார்.

டப்ளின் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் ஒரு சனிக்கிழமை வாருங்கள். பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி, தனியாகக் கட்டிகளை நிறுத்த முடியவில்லை. காலை ஒன்பது மணிக்குச் சதுப்புக்குப் போவோம். கையுறை என்னிடம் இரண்டு ஜோடி இருக்கிறது.