முதலில் லென்ஸ், அப்புறம்தான் கேமரா

அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, 60,000 ரூபாய் சேர்த்துட்டேன். எந்தக் கேமரா வாங்கலாம், சொல்லுங்க." இரண்டு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். அவனுடைய முதல் கேமரா. நான் எந்த மாடலும் சொல்லவில்லை. "போன்ல நீ எடுத்ததுல உனக்கு ரொம்பப் பிடிச்ச முப்பது படத்தை அனுப்பு மாப்ளே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

அன்று ராத்திரியே அனுப்பிவிட்டான். ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினேன். பத்தொன்பது படங்கள் கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்தவை. அதிலும் பெரும்பாலும் நடுராத்திரிச் சாமக்கொடை நேரம்: வில்லுப்பாட்டுக்காரரின் கை, பந்தத்தோடு வருகிற சாமியாடி, வரிசையில் தூங்கி விழுகிற குழந்தைகள். ஒன்பது படங்கள் வீட்டு ஆட்களின் முகங்கள், திண்ணையிலும் அடுக்களையிலும். மீதி இரண்டு கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள், தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாக. மலை, அருவி, சூரிய உதயம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் போனில் அவன் கேட்டதெல்லாம் வேறு. எத்தனை மெகாபிக்சல், 4கே வீடியோ உண்டா, தூரத்தை இழுத்துக் காட்டுகிற 300 எம்எம் லென்ஸ் சேர்த்துத் தருவார்களா. அவன் எடுக்கிற படத்துக்கும் அவன் கேட்கிற கேமராவுக்கும் சம்பந்தமே இல்லை. இது அவன் தவறு இல்லை. கடையிலும் யூடியூபிலும் எல்லோரும் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைப் பற்றியே பேசுகிறார்கள். பொழுதுபோக்காகப் படம் எடுக்கிற நம்மைப் போன்றவர்கள் கேமராவைத் தேர்வு செய்ய வேண்டியது தலைகீழாக என்பது என் கருத்து. என்ன எடுக்கிறோம், எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று பார்த்து முதலில் லென்ஸை முடிவு செய்ய வேண்டும். அந்த லென்ஸை வாங்கிய பிறகு கையில் மிஞ்சுகிற பணத்துக்குப் பாடி.

கொடை ராத்திரியையே எடுத்துக்கொள்வோம். கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அது திறக்கக்கூடிய அதிகபட்சம் எஃப் 5.6. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் என்றால் 1.8 வரை திறக்கும். எண் சின்னதாக ஆக ஆக, வெளிச்சம் நுழைகிற வாய் பெரிதாகிறது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட 9.7. அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸில் 1/20 நொடி ஷட்டர் வைத்துத்தான் எடுக்க முடியும் என்கிற இடத்தில் இதில் 1/200 வைக்கலாம். 1/20-ல் ஆடுகிற சாமியாடி வெறும் புகைமாதிரி இழுபட்டுப் போவார். 1/200-ல் அவர் முகத்தில் வழிகிற வியர்வை தெரியும். 10 வருடப் பழைய பாடியை விட்டுவிட்டு இன்றைய புதுப் பாடிக்கு மாறினால் ராத்திரிப் படத்தில் இந்தப் பத்து மடங்கு கிடைக்காது. அதில் கால்வாசிகூடத் தேறாது என்பது என் அனுபவம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2014-ல் நிக்கான் டி5300 வாங்கினேன், இரண்டு லென்ஸ், பை, ட்ரைபாட் எல்லாம் சேர்ந்த காம்போவாக. சில மாதம் கழித்து ராத்திரிப் படத்துக்கு ஒரு லென்ஸ் வேண்டும் என்று அதே கடைக்குப் போனேன். விலை குறைவு என்று 50 எம்எம் 1.8டி லென்ஸை எடுத்துக் கொடுத்தார்கள். அக்கா வீட்டு விசேஷத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யவில்லை. லென்ஸ் பழுது என்று நினைத்தேன். பழுது இல்லை. அந்த டி வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்கிற மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை, டி7000 வரிசையில் உண்டு. இதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்று கையால் ஃபோகஸ் செய்து எடுத்த 200-க்கு மேற்பட்ட படங்களில் பளிச்சென்று வந்தது 11. அந்த நாள் திரும்பி வராது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நிக்கான் சின்ன பாடி வாங்குகிறவர்கள் லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் (உள்ளேயே மோட்டார் உள்ள வகை) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு வகை, ஏஎஃப்-பி லென்ஸ், டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கேனானில் இந்தக் குழப்பம் இல்லை. 1987-ல் வந்த முதல் ஈஎஃப் லென்ஸும் அவர்களுடைய ஈஓஎஸ் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகும். அதற்காகவே புதியவர்களுக்குக் கேனானைச் சொல்கிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது.

"இப்போ போய் டிஎஸ்எல்ஆரா? அதான் முடிஞ்சு போச்சே" என்று கேட்பீர்கள். உண்மைதான், 2020-க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் கொண்டுவரவில்லை. பெண்டாக்ஸ் மட்டும் விடாமல் செய்தது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல காலம். கல்யாண போட்டோகிராபர்கள் கூட்டம் கூட்டமாக, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸுக்கு மாறுகிறார்கள். வீடியோவும் சேர்த்து எடுக்க வேண்டிய தொழில் அது, அவர்களுக்கு அது தேவை. அவர்கள் கழற்றி வைக்கிற லென்ஸ்கள் எல்லாம் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. ஒன்று மட்டும் கவனம்: அவர்களிடம் லென்ஸ் வாங்குங்கள், பாடி வாங்காதீர்கள். ஒரு முகூர்த்த சீசனில் அவர்கள் ஷட்டர் எத்தனை ஆயிரம் தடவை அடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடியை, ஆசையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்ட ஆளிடம் வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

60,000 ரூபாய்க்குப் புது மிரர்லெஸ் வாங்கினால் பாடியோடும் கிட் லென்ஸோடும் பணம் தீர்ந்துவிடும். அந்தக் கிட் லென்ஸ் நீளும்போது கேனான், நிக்கானில் எஃப் 6.3 தான், டிஎஸ்எல்ஆர் கிட் லென்ஸைவிடவும் இருட்டு. இதையே செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி7200 டிஎஸ்எல்ஆர் என்று யோசித்தால், நான் விசாரித்தவரை 30,000 ரூபாய்க்குள் நல்ல பாடி கிடைக்கிறது. 2015-ல் வந்தது, 24 மெகாபிக்சல், இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒருமுறை சார்ஜ் செய்தால் 1,110 படம் என்று கம்பெனி கணக்கு. கொடை சாயங்காலம் தொடங்கி விடிகிறவரை நடக்கும், அங்கே சார்ஜ் போட எங்கே போவது? மீதிப் பணத்தில் 50 எம்எம் 1.8ஜி (இது ஏஎஃப்-எஸ் வகை) ஒன்று, முகங்களுக்கு. 35 எம்எம் 1.8ஜி ஒன்று, கூட்டத்துக்கும் வீட்டுக்குள்ளும். படம் பதிகிற சென்சார் சின்னது (கிராப் சென்சார்) என்பதால் 50 கொஞ்சம் நெருக்கிக் காட்டும், அடுக்களைக்குள் பின்னால் நகர இடம் இருக்காது. இவ்வளவும் வாங்கி இன்னும் ஒரு பேட்டரிக்கும் கார்டுக்கும் காசு மிஞ்சும்.

கண் வைத்துப் பார்க்கிற துளையான வியூஃபைண்டரைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. டி3500 போன்ற சின்ன பாடிகளில் கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வியூஃபைண்டர், படத்தின் நீளத்திலும் உயரத்திலும் 95 சதவீதம்தான் தெரியும். டி7200-ல் முழுக் கண்ணாடிப் பட்டகம், நூற்றுக்கு நூறு தெரியும். அந்த விடுபட்ட ஓரத்தில்தான் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையும், போன் வெளிச்சமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிட, கண்ணாடி வழியாக அந்த வெளிச்சத்தையே நேராகப் பார்க்கிறோம். பந்தம் அசைவதை, முகத்தில் நிழல் மாறுவதைத் திரையில் இல்லாமல் கண்ணால் பார்த்து அழுத்துகிறோம். எனக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகவே இல்லை.

மிரர்லெஸ் எங்கே மேல் என்பதையும் சொல்ல வேண்டும். கச்சேரி அரங்கில் டிஎஸ்எல்ஆர் கண்ணாடி 'டக் டக்' என்று அடிப்பது பாடுகிறவருக்கே கேட்கும், அங்கே அதை எடுத்துப் போகாதீர்கள். பறக்கும் பறவையின் கண்ணைத் தானாகப் பிடிக்கிற விஷயத்திலும் புதுக் கேமராக்கள் எங்கோ போய்விட்டன. வீடியோதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பழைய பாடிகளுக்கு உதிரிபாகம் கிடைப்பதும் வருடம் போகப் போகக் கஷ்டமாகும். முப்பதில் இருபது படம் பறவையாக இருந்திருந்தால் அவனுக்கும் வேறு பதில்தான் சொல்லியிருப்பேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது உங்கள் கார்டை எடுத்துப் போங்கள். நிக்கான் என்றால் ஒரு படம் எடுத்து அந்த ஃபைலிலிருந்தே ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். டி7200 ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது, கேனான் 80டி 1,00,000. கேனானில் பெரும்பாலும் படத்திலிருந்து எண்ணிக்கை தெரியாது, தனி மென்பொருள் வேண்டும். அப்புறம் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப் 16-ல் ஒரு படம். சென்சாரில் தூசி இருந்தால் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். கட்டைவிரல் வைக்கிற இடத்தில் ரப்பர் உப்பிப் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், நம் வெயிலுக்கு அது சகஜம்.

லென்ஸுக்கு முக்கியமான சோதனை ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய நரம்பு தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் கேமரா பைக்குள் பூட்டி வைத்தாலே போதும், வந்துவிடும். அந்தப் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். என் 35 எம்எம்மை நான் இப்படித்தான் ஏழு மழைக்காலம் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, கொடைப் பந்தலில் இப்போது எல்லாமே டியூப்லைட்டும் எல்இடியும். நம் கரண்டில் அவை நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, நிறம் மாறிக்கூட வரும். உங்கள் கேமரா பழுது இல்லை. அசைவு குறைவாக இருக்கிற நேரத்தில் 1/100-ல் வைத்து எடுங்கள், சீராக வரும். இந்த மினுக்கலைக் கணக்கு வைத்து ஷட்டரை அடிக்கிற வசதி கேனான் 7டி மார்க் 2, 80டி, நிக்கான் டி7500 போன்றவற்றில் உண்டு. டி7200-ல் போட்டோவுக்கு அது இல்லை, அவனிடமும் சொல்லிவிட்டேன். யோசித்துவிட்டு, "எனக்குப் பந்தம் வெளிச்சத்துல எடுக்குறதுதான் மாமா பிடிக்கும், பரவாயில்லை" என்றான். பந்தம் மினுக்காது.

பாளையங்கோட்டையில் ஒருவரிடம் டி7200 இருக்கிறது, 14,000 ஷட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போகிறேன். 50 எம்எம் 1.8ஜி மட்டும் இன்னும் அமையவில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் யாராவது கொடுப்பதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். டார்ச் கொண்டு வருவேன்.