27 ஆட்டம், 27 புள்ளி

தம்பி, "2024-25 இங்கிலிஷ் பிரீமியர் லீக்கில மன்செஸ்டர் யுனைட்டட் 15ஆம் இடத்துக்குப் போனதுக்கு முதல் இருந்த பயிற்சியாளர் டென் ஹாக்தான் காரணம், பிறகு பயிற்சியாளரா வந்த அமொரிம் சரிவை நிறுத்தினவர்" எண்டு எழுதியிருக்கிறீர். புள்ளிக்கணக்கு அப்பிடிச் சொல்லேல்லை.

டென் ஹாக் போகேக்க 9 லீக் ஆட்டத்தில 11 புள்ளி. இடைக்காலத்தில வான் நிஸ்டல்ரோய் 2 ஆட்டத்தில 4 எடுத்தார். அமொரிம் கைக்கு வரேக்க 11 ஆட்டத்தில 15. சீசன் முடிய 42. அப்ப அவற்ர பங்கு 27 ஆட்டத்தில 27: 7 வெற்றி, 6 சமநிலை, 14 தோல்வி. டென் ஹாக்கிட்ட ஆட்டத்துக்கு 1.22 புள்ளியா இருந்தது அமொரிமிட்ட 1.00 ஆகிட்டுது. நிறுத்தினதில்லை, சரிவு கூடினது.

முக்கிய சிக்கல் அமொரிம் அணியை நிப்பாட்டின 3-4-2-1 அமைப்பு. நடுவில ரெண்டே பேர். எதிரணி மூண்டு பேரை இறக்கினா அவங்களில ஒருத்தன் எப்பவும் மறிக்க ஆளில்லாமல் நிப்பான். விங்-பாக் (ஓரத்தில தாக்கவும் தடுக்கவும் ஓடுறவர்) மேல ஏறினா பின்னால ஓரம் காலி. திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில விளையாடுற பெடியளுக்கே இது விளங்கும். யுனைட்டட் வீரர்கள் லிசான்ட்ரோ, அமாட் காயப்பட்டது உண்மை, அதை மறுக்கேல்லை.

ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக் கோப்பையில யுனைட்டட் இறுதிவரை போனதை லீக் தரத்துக்குச் சாட்சியாக் காட்டாதேங்கோ. அந்த இறுதி ஆட்டத்தை 1-0 எண்டு வெண்ட டொட்டன்ஹாம் லீக்கில 17ஆம் இடம். கோப்பையோட வந்த தங்கட பயிற்சியாளர் பொஸ்டெகொக்லூவையே ரெண்டு கிழமைக்குப் பிறகு அனுப்பிட்டினம்.