மங்கலான முகமே போதும்

வெள்ளை பஃபர் ஜாக்கெட் போட்ட போப் பிரான்சிஸ் படம் 2023 மார்ச்சில் உலகம் முழுக்கச் சுற்றியது. மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் உருவாக்கிய படம். செயற்கை நுண்ணறிவும் புகைப்படமும் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் அந்த மாதிரிப் படங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். என் கவலை வேறு. முழுப் பொய்யை ஆயிரம் பேர் உற்றுப் பார்க்கிறார்கள், யாராவது ஒருவர் பிடித்துவிடுகிறார். எடிட்டிங் ஆப்பில் "தெளிவாக்கு", "மேம்படுத்து" என்ற பெயரில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறதே ஒரு பொத்தான், அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? நிஜமாக எடுத்த படத்துக்குள் அது கலந்துவிடும் பொய், படம் எடுத்தவருக்கே தெரிவதில்லை.

"எந்த போட்டோதான் அப்படியே இருந்தது? டார்க்ரூம் காலத்திலேயே ஒட்டுவேலை உண்டே" என்பார்கள். உண்டு. ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857-லேயே முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில், அகலப் படம் நெட்டுவாக்கில் அடங்க வேண்டும் என்பதற்காகப் பிரமிடுகளை நெருக்கி வைத்தார்கள். 2003-ல் ஈராக் போரில் எடுத்த இரண்டு படங்களை இணைத்து ஒன்றாக அனுப்பிய லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் புகைப்படக்காரருக்கு வேலை போனது. இவற்றில் எல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து தெரிந்தே செய்தார். எதை எங்கே நகர்த்தினோம் என்று அவரால் சொல்ல முடியும். இன்றைக்குப் பொத்தானை அழுத்தியவரைக் கேட்டால் "கொஞ்சம் ஷார்ப் பண்ணினேன்" என்பார். அவர் மறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததே அவ்வளவுதான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. டிஜிட்டல் கேமராவே ஊகித்துத்தான் படம் தருகிறது என்பது. சரிதான். சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் ஒரே ஒரு நிற ஃபில்டர்தான் இருக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 1.2 கோடி பிக்சல்கள் பச்சையை மட்டும் அளக்கும், 60 லட்சம் சிவப்பை, 60 லட்சம் நீலத்தை. ஆனால் கைக்கு வரும் படத்தில் பிக்சலுக்கு மூன்று நிற மதிப்பு வீதம் 7.2 கோடி எண்கள் இருக்கின்றன. அளந்தது 2.4 கோடி. மிச்சம் 4.8 கோடியும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துப் போட்ட கணக்கு. மூன்றில் இரண்டு பங்கு ஊகமாக இருக்கும்போது ஏஐயை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள்.

குறை சொல்லக் காரணம் இருக்கிறது. பேயர் கணக்கு கேட்பது, அதே நொடியில் அதே லென்ஸ் வழியாகப் பக்கத்தில் விழுந்த ஒளியை. அது தப்பினால் மெல்லிய கோடுபோட்ட சட்டையில் இல்லாத அலைக்கோடுகள் (மொயர் பட்டை) வரும், கூரான விளிம்பில் நிறம் கசியும். பார்த்ததும் கோளாறு என்று தெரிந்துவிடும். புதுப் படத்தை உருவாக்கும் ஏஐயான ஜெனரேட்டிவ் மாடலோ, பயிற்சியில் பார்த்த எண்ணற்ற வேறு படங்களை வைத்து, "இந்த இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும்" என்று நிரப்புகிறது. அது தப்பும்போது படம் கோளாறாகத் தெரியாது, முன்னைவிட அழகாகத் தெரியும். அதனால்தான் ஏஐ பயன்படுத்தினாயா இல்லையா என்ற கேள்வியால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த விவரம் லென்ஸ் வழியாக வந்ததா, வேறு யாரோ எடுத்த படங்களிலிருந்து வந்ததா? நான் கோடு போடுவது இங்கே.

நிலாப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் ரெடிட்டில் ஒருவர், நிலாவின் படம் ஒன்றை 170×170 பிக்சலாகச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்தார். அறையை இருட்டாக்கிவிட்டுத் தள்ளி நின்று கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் போனில் வந்த படத்தில் இருந்தன. நிலா என்று அடையாளம் கண்டதும் விவரத்தைக் கூட்டும் ஏஐ வேலை அது என்று சாம்சங்கும் விளக்கம் கொடுத்தது. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது, அதனால் பெரிய சேதமில்லை. மனித முகம் அப்படியா?

முகத்தைத் தெளிவாக்கும் மாடல்களில் பரவலாக இருப்பவை ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் இரண்டும். இரண்டுமே முகத்தைத் தனியாக வெட்டியெடுத்து 512×512 பிக்சல் சதுரத்தில் வைத்து வேலை செய்கின்றன. குழுப் படத்தில் ஒருவர் முகம் 40×40 பிக்சல் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1,600 பிக்சல். வெளியே வருவது 2,62,144. அளந்த ஒரு பிக்சலுக்கு 163 புதுப் பிக்சல். இவ்வளவும் எங்கிருந்து வரும்? பயிற்சிக்குக் கொடுத்த முகங்களிலிருந்துதான்.

என்ன தப்பும் என்று தெரிந்துகொண்டால் பிறகு கண்ணில் படாமல் இருக்காது. கன்னத்து மச்சத்தைத் தூசி என்று நினைத்து எடுத்துவிடும். ஒரு கண் சற்றே சிறியதாக இருந்தால் இரண்டையும் சமமாக்கும். முன்பல் இடைவெளியை அடைக்கும். வாயோரம் லேசாக இறங்கியிருந்தால் நேராக்கும். ஒருவரை அவராக நாம் அடையாளம் காண்பதே இந்தச் சின்னச் சின்னச் சமமின்மைகளால்தான். மூக்குக்கண்ணாடி இருந்தால் ஃபிரேம் பாதியில் தோலோடு கரைந்துபோகும். வெட்டியெடுத்த சதுரத்தின் எல்லையில் காது, முடி, கழுத்து எல்லாம் பழைய மங்கலிலேயே நிற்க, முகம் மட்டும் நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று ஒட்டிக்கொண்டிருக்கும். தாத்தாவின் படத்தை இப்படிச் சரிசெய்து மாட்டிவிட்டால், அவரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் தாத்தா. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஒரு எடை அளவு உண்டு. 0 பக்கம் போனால் முகம் பளபளக்கும், ஆள் மாறுவார். 1 பக்கம் போனால் ஆள் பெரும்பாலும் தப்பிப்பார், கறையும் கீறலும் கொஞ்சம் தங்கும். அதாவது, அழகுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு பேரம் நடக்கிறது என்பது செய்தவர்களுக்கே தெரியும். ஆனால் ஒரே தட்டில் வேலையை முடிக்கும் பல ஆப்கள் இந்த அளவைக் கண்ணில் காட்டுவதே இல்லை.

2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற கருவிக்கு ஒபாமாவின் பிக்சல் பிக்சலாகச் சிதைந்த படத்தைக் கொடுத்தபோது, ஒரு வெள்ளைக்காரர் முகம் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கருவி செய்வதே, திரும்பச் சுருக்கினால் கொடுத்த மங்கல் படத்தோடு பொருந்துகிற ஒரு முகத்தைத் தேடுவதுதான். ஒரு மங்கல் படத்துக்குப் பின்னால் ஆயிரம் முகங்கள் இருக்கலாம், அதில் ஒன்றைக் கருவி தேர்ந்தெடுத்துத் தருகிறது. கண்காணிப்புக் கேமராக் காட்சியைத் "தெளிவாக்கி" இவர்தான் அவர் என்று யாராவது பகிர்ந்தால் தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். அந்தப் படத்தில் இருக்கும் முகம் அங்கே இல்லாதவருடையதாக இருக்கலாம். அந்த முகஜாடை உள்ள அப்பாவி ஒருவர் எங்கோ இருப்பார்.

படத்தில் விழும் பொரிகளை நீக்கும் நாய்ஸ் குறைப்பு என் கோட்டின் மேலேயே நிற்கிற சங்கதி, அதில் நான் கறாராக இல்லை. ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் இயற்கையான ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் 100, வெறும் 1 சதவீதம். இருட்டில் படம் பொரிப்பொரியாக வருவது இதனால். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பில் மிதமாக டீநாய்ஸ் செய்வதை நான் ஏற்கிறேன், ஆனால் செய்தபின் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்க்காமல் விடக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது தூரத்துப் பலகைகளில் உள்ள எழுத்து. எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாக அது மாறியிருந்தால், மாடல் அளந்ததைத் தாண்டிக் கற்பனைக்குள் போய்விட்டது என்று பொருள். ஸ்லைடரை இறக்குங்கள். பிறகு தூரத்து முகங்கள், புல், துணியின் நெசவு. அசையாத காட்சி என்றால் ஏஐயே வேண்டாம், ட்ரைபாடில் வைத்து 16 ஷாட் எடுத்துச் சராசரி போடுங்கள். நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகும், நாலு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக, அதாவது 16 மடங்கு வெளிச்சம், கிடைத்ததற்குச் சமம். அத்தனையும் அங்கே விழுந்த ஒளி.

வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் விதி ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. டீநாய்ஸ், தானியங்கி லெவல், நிறத் திருத்தம் ஆகியவை படத்தில் புதுத் தகவலைச் சேர்க்காதவரை பரவாயில்லை. சூப்பர் ரெசல்யூஷன், டோபாஸ் போட்டோ ஏஐ போன்ற பெரிதாக்கும் கருவிகள் கூடவே கூடாது. பெரிதாக்குவதில் என்ன தப்பு என்று முதலில் பலருக்கும் தோன்றும். மேலே சொன்ன 163 பிக்சல் கணக்குதான் பதில்.

சரி, நம்பகத்தன்மையை எப்படிக் காட்டுவது? அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்டவர்கள் சேர்ந்து 2021-ல் தொடங்கிய சி2பிஏ தரம் ஒரு வழி. கேமரா படத்தை எழுதும்போதே டிஜிட்டல் கையெழுத்துப் போடுகிறது, பின்னால் செய்யும் திருத்தங்கள் வரிசையாகப் பதிவாகின்றன. 2023 அக்டோபரில் வந்த லைகா எம்11-பி தான் இதை உள்ளேயே வைத்து வந்த முதல் கேமரா. நான் இதை ஆதரிக்கிறேன், ஆனால் அளவுக்கு மீறி நம்பவேண்டாம் என்றும் சொல்வேன். கையெழுத்து சொல்வது இந்தக் கோப்பு இந்தக் கேமராவிலிருந்து வந்தது என்பதை மட்டுமே. கேமராவுக்கு முன்னால் இருந்தது நிஜமா, ஒரு திரையா என்று அதற்குத் தெரியாது. 2025-ல் நிக்கான் இசட்6-3 கேமராவில், கையெழுத்தில்லாத படத்தை மல்டிபிள் எக்ஸ்போஷர் (படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதி) வழியாக உள்ளே விட்டுக் கையெழுத்து வாங்க முடிந்தது. நிக்கான் அந்தச் சேவையை நிறுத்திச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அதோடு, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கோப்போடு வந்த எல்லாப் பதிவும் போய்விடும். கையெழுத்து இல்லை என்பதற்காக ஒரு படத்தைப் பொய் என்று ஒதுக்குவதும் அநியாயம். பழைய கேமரா வைத்திருப்பவர்கள், அடையாளம் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற இடத்தில் படமெடுப்பவர்கள், இவர்களின் சாட்சியம்தான் முதலில் அடிபடும்.

அந்தச் சந்தேகம் ஏற்கெனவே எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். 2023-ல் போரிஸ் எல்டாக்சன் ஏஐ படத்தை அனுப்பி சோனி உலகப் புகைப்பட விருதில் வென்று, அது போட்டோவே இல்லை என்று சொல்லி விருதை மறுத்தார். அடுத்த ஆண்டே மைல்ஸ் ஆஸ்ட்ரே, தலை தெரியாமல் நிற்கும் ஃபிளமிங்கோவின் நிஜமான படத்தை இன்னொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார். நடுவர்களுக்கே இரண்டு பக்கமும் தெரியவில்லை. ஆகவே ரா கோப்பை அழிக்காதீர்கள். முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் சேர்த்து வையுங்கள். ஒரு படத்தைப் பொய்யாகச் செய்வது சுலபம், அரை நொடி இடைவெளியில் எடுத்த பத்து ராக்களை ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்வது மிகக் கடினம்.

பயிற்சிக்குப் போன படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட லயன்-5பி தொகுப்பில் மட்டும் 585 கோடி படம்-விவரணை ஜோடிகளுக்கான இணைப்புகள் இருந்தன. அந்தப் படங்களை எடுத்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ், ஏஐ பட மாடல் செய்யும் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் இங்கிலாந்து நீதிமன்றம், வாட்டர்மார்க் தொடர்பான சின்னப் பகுதியைத் தவிர, பெரும்பாலும் ஸ்டெபிலிட்டி ஏஐ பக்கமே தீர்ப்பளித்தது. சட்டம் எப்படிப் போனாலும், அனுமதி கேட்பதும் கூலி கொடுப்பதும் நியாயம் என்ற என் எண்ணத்தில் மாற்றமில்லை.

பழைய குடும்பப் படத்தைச் சரிசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடலிடம் போவதற்கு முன் ஸ்கேனரிடம் போங்கள். பிரிண்டில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள முகம் 600 டிபிஐ ஸ்கேனில் ஏறக்குறைய 118 பிக்சல் கிடைக்கும். அதே பிரிண்டைப் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலும் அவ்வளவு தேறாது. காணாமல்போன முகத்தில் பாதி அந்தப் பிரிண்டிலேயே இருக்கிறது. தரம் குறையாத 16-பிட் டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்து, அதைத் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். கீறலையும் கறையையும் தனி லேயரில் ஹீலிங் பிரஷ்ஷால் கையாலேயே எடுங்கள், முகத்துக்குள் கீறலின் அகலத்தைத் தாண்டி ஒரு பிக்சலும் தொடாதீர்கள். எது கீறல், எது தழும்பு என்பதை அவரை நேரில் பார்த்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டார் மாடல் வேலையும் வேண்டும் என்றால், கோட்ஃபார்மர் அளவை 0.8-க்குக் கீழே இறக்காமல், தனி லேயராக 30 அல்லது 40 சதவீத ஒபாசிட்டியில் (அடியிலுள்ள படம் தெரியும்படி) மட்டும் போட்டு, லேயரை ஆஃப் செய்தும் ஆன் செய்தும் பாருங்கள். ஆஃப் செய்யும்போது ஆள் மாறுகிறார் என்றால் லேயரை நீக்கிவிடுங்கள். கொடுக்கும்போது அசல் ஸ்கேன், கையால் சரிசெய்தது, ஏஐ கலந்தது என்று மூன்று கோப்பாக, பெயரிலேயே அது தெரியும்படி கொடுங்கள். படக் கோப்புக்குள் விவரம் எழுதிவைக்கும் ஐபிடிசி மெட்டாடேட்டாவிலும் ஏஐ கலந்தது என்று குறிக்க இடமுண்டு, ஆனால் ஒருமுறை பகிர்ந்தால் அது உதிர்ந்துபோகலாம். பிரிண்ட் போட்டால் பின்பக்கம் கையால் எழுதுங்கள்: யார் படம், அசல் யாரிடம் இருக்கிறது, முகத்தில் எந்தப் பகுதி மாடல் வரைந்தது.