மலையில் கண்ணில் அடிபட்டால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும்

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கு முன், முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எடுப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில், விடியும் முன், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் அப்படி இழுத்தபோது என் சித்தப்பாவின் வலது கண்ணில் பட்டைத் துணுக்கு ஒன்று தெறித்தது. அன்றைய கூலியை இழக்க மனமில்லாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு மீதி மரங்களையும் வெட்டி முடித்தார். மாலையில் ஒரு மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து இரண்டு நாள் சிவப்பைக் குறைத்தது; ஆறாம் நாள் கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. அது ஸ்டீராய்டு மருந்து என்பதும், மரப்பட்டை கீறிய கண்ணில் பூஞ்சை பரவ அது இடம் கொடுக்கும் என்பதும் பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகே தெரிந்தது. நேட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்தை மணிக்கொரு முறை, இரவிலும் எழுப்பி எழுப்பி விட்டோம். கண் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. இப்போது வெட்டின் ஆழத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துத்தான் வெட்டுகிறார்.

அந்த முதல் நாள் மாலையில் தேவைப்பட்டது அறுவை அரங்கமல்ல. ஃப்ளோரசின் என்ற சாயம் தோய்ந்த தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு நீல ஒளியில் பார்த்தால், கருவிழியில் கீறல் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தால், மறுமுனையில் இருக்கும் கண் மருத்துவர் ஸ்டீராய்டைத் தடுத்து, ஆன்டிபயாட்டிக் களிம்பு போடச் சொல்லி, மறுநாளும் படம் கேட்டிருப்பார்.

இது புதிய யோசனையல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் பார்வை மையங்களை நிறுவி, அங்கு வருபவர்களை இணையம் வழியாக மருத்துவரிடம் காட்டிவருகிறது. தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்டது, இணையவழி மருத்துவ ஆலோசனைக்கான அரசின் இ-சஞ்சீவனி சேவையும் இருக்கிறது. ஆனால் கண் விபத்து அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை, சாதாரண வீடியோ அழைப்பில் கருவிழிக் கீறல் தெரிவதும் அரிது. பேச்சிப்பாறை அணையைப் படகில் கடந்து வரவேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு வீடியோவைவிட, எடுத்து வைத்துக்கொண்டு சிக்னல் கிடைத்தவுடன் அனுப்பும் தெளிவான படமே பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிலவற்றுக்கு மருத்துவரின் பதிலுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கண்ணில் தெறித்தால், இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் கைப்பேசியைத் தொட வேண்டும். கத்தி நுனி குத்திய கண்ணையோ கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. காகிதக் குவளையால் மூடி உடனே வண்டியேற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைத் தோட்டத்து மேற்பார்வையாளர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நேரில் செய்துகாட்டிப் பழக்க வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென ஒரு கைப்பேசி எண்ணை ஒதுக்கி, இரவு பத்து மணிக்கு வரும் படத்துக்கும் பதில் சொல்வது யார் பொறுப்பு என்பதைப் பணிப்பட்டியலிலேயே எழுதிவிட்டால், மழைக்காலத்துக்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம்.