ரோட்டரை ஒரே இரவுக்குள் அடைத்துவிடாதீர்கள்

ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரத்து ரோட்டர் கால்பந்து கிளப்பைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் 1995 செப்டம்பர் 26-இல் போய் நின்றுவிடுகிறது. ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை, மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டு. முதல் ஆட்டம் வோல்கோகிராடில் 0-0. ஓல்டு டிராஃபோர்டில் அரை மணி நேரம் ஆவதற்குள் ரோட்டருக்காக நிடர்காவுஸ் ஒன்று, வெரெத்தென்னிகொவ் ஒன்று. இடைவேளைக்குப் பிறகு யுனைடெட்டின் ஸ்கோல்ஸ் ஒரு கோலைத் திருப்பினார். முடியும் தறுவாயில் அவர்களின் கோல்கீப்பர் ஷ்மைக்கல் எதிர்ப்பக்கம் ஓடிவந்து தலையால் முட்டி 2-2 ஆக்கினார். இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமம் என்றால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும் என்ற விதிப்படி மான்செஸ்டர் யுனைடெட் வெளியே போனது.

எனக்கும் பிடித்த ஆட்டம்தான். ஆனால் அதை எப்போதும் யுனைடெட்டின் கதையாகவே சொல்கிறார்கள். ஷ்மைக்கல் கோல் அடித்தார், சொந்த மைதானத்தில் ஐரோப்பிய ஆட்டங்களில் தோற்காத பெருமை பிழைத்துக்கொண்டது, தடையில் இருந்த அவர்களின் நட்சத்திரம் கான்டொனா ஆடவில்லை. அடுத்த சுற்றுக்குப் போன அணி யார் என்று கேட்டால் பலருக்குப் பெயர் வராது. இது நியாயமே இல்லை.

இந்த அணி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வோல்கோகிராடின் அன்றைய பெயர் ஸ்டாலின்கிராட்; அங்கே டிராக்டர் ஆலை எழும்பிக்கொண்டிருந்த 1929-இல் அங்கிருந்த தொழிலாளர்கள் சேர்த்த அணி இது. பத்தே ஆண்டில், 1939-இல், சோவியத் முதல் பிரிவில் நான்காம் இடம். பிறகு இரண்டாம் உலகப் போர். அந்த ஆலையே போர்க்களமானது. 1943 பிப்ரவரி 2-இல் சண்டை ஓய்ந்தது. மே 2-இல், சரியாக மூன்று மாதத்தில், நகரின் தெற்கே பெகெதொவ்காவில் இருந்த அசோத் மைதானத்தில் ஓர் ஆட்டம் நடத்தினார்கள். உயிர் பிழைத்த ஆட்டக்காரர்களை, பெரும்பாலும் இந்த ஆலை அணியினரை, தேடிப்பிடித்துத் திரட்டிய தினமோ ஸ்டாலின்கிராட் அணி, மாஸ்கோவிலிருந்து வந்த ஸ்பார்டக்கை 1-0 என்று வென்றது. ஓல்டு டிராஃபோர்டைவிட இந்த ஒரு கோல் எனக்குப் பெரிது. வீடில்லாத, சோற்றுக்கு அல்லாடிய மக்கள் அன்று மைதானத்துக்கு வந்தார்கள்.

தொண்ணூறுகளில் பயிற்சியாளர் விக்தர் புரொகொபென்கொ. கோல் அடிக்க ஒலெக் வெரெத்தென்னிகொவ். 1995-இல் 25 கோல். 1997, 1998 இரண்டிலும் லீக்கில் அதிக கோல் அவருடையதுதான். தேசிய அணிக்கு அவர் ஆடியது வெறும் நான்கு ஆட்டம். மாஸ்கோவில் ஆடியிருந்தால் இப்படி நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1997 கடைசிச் சுற்றில் ஸ்பார்டக் 70 புள்ளி, ரோட்டர் 68. நேருக்கு நேர், அதுவும் வோல்கோகிராடில். ஜெயித்தால் ரோட்டர் சாம்பியன். 0-2 என்று தோற்றார்கள். தலைநகரின் பணமும் செல்வாக்கும் இல்லாத ஓர் ஊர், ஒரே ஓர் ஆட்டம் மிச்சமிருக்கும்வரை பட்டத்துக்கு நின்றது. ரோட்டரின் உச்சம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதன் பிறகு சரிவு. கிளப்பின் எல்லா நூலும் தலைவர் விளாதிமிர் கொர்யூனொவ் கையில் இருந்தது. ஒற்றைத் தூணில் நிற்கும் கூரை அது. 2004-இல் ரஷ்யாவின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டுக்கான உரிமமும் கிடைக்கவில்லை. இரண்டாம் அணியை வைத்துக் கீழ்ப்பிரிவில் காலத்தை ஓட்டினார்கள். பதினாறு ஆண்டு கழித்து, 2020-இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பி, ஒரே சீசனில் இறங்கினார்கள். மறு சீசனே மூன்றாம் நிலைக்கு.

இதற்கு நடுவில் 2018 உலகக் கோப்பைக்காகப் பழைய மத்திய மைதானத்தை இடித்துவிட்டு 45,000 இருக்கை கொண்ட அரங்கம் எழுப்பினார்கள். துனிசியாவுக்கு எதிராக ஹாரி கேன் இரண்டு கோல் அடித்தது அங்கேதான். நான்கே ஆண்டில் அதே அரங்கம் மூன்றாம் நிலை அணியின் வீடானது. அரங்கத்துக்குக் கிடைத்த அக்கறை அணிக்கும் சிறுவர் பயிற்சிக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பது தப்பா?

அந்த மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. லியொனித் ஸ்லுத்ஸ்கி வோல்கோகிராட்காரர். கோல்கீப்பராக இருந்தவர், பக்கத்து வீட்டுப் பூனையை மீட்க மரம் ஏறி விழுந்ததில் முழங்கால் போய், ஆட்டம் முடிந்தது. அதே ஊரின் ஒலிம்பியா அணியில் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தேசிய அணி வீரர்களான கொலொதினும் அதாமொவும் அவரிடம் வளர்ந்தவர்கள். பின்னாளில் ரஷ்ய தேசிய அணிக்கே பயிற்சியாளரானார்.

2024-இல் ரோட்டர் இரண்டாம் நிலைக்கு ஏறியது. இனி பெரிய பெயர்களை விலைக்கு வாங்கி ஒரே தாவலில் மேலே போகும் ஆசை வேண்டாம். ஊர்ப் பையன்களை வைத்துப் பத்து ஆண்டு பொறுமையாகக் கட்டட்டும். அந்தக் கணக்கு வழக்கு ஒரு தனி மனிதர் கையில் இல்லாமல் ஊருக்குத் தெரியும்படி நடக்கட்டும்.